கலட்டி ஒழுங்கை நல்ல தண்ணி

பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்ற வாயைப் போல இருந்தது.

மூன்று மாதப் பிள்ளைக்கு நாவற்பழம் கொடுத்தது எந்த மூதேவி என்றுதான் உதயகலாவுக்கு முதலில் கோபம் வந்தது. மண் ஒட்டிய கையைப் பழைய சேட்டில் துடைத்துவிட்டு ஏணைத் தொட்டிலுக்குள் குனிந்தாள். பழமும் இல்லை, சாறும் இல்லை. நகங்களும் அதே நிறம். உள்ளங்கால் சாம்பல். பிள்ளை அழவில்லை. ஓடிக் களைத்த நாய்க்குட்டியைப் போல மூச்சு மட்டும் விடுவிடென்று போய் வந்தது.

"இஞ்சருங்கோ! மிசினை நிப்பாட்டுங்கோ!"

வைகாசி மாதத்து ஒன்பதரை மணி வெயில். வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே அவள் புருசன் குகதாசன் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் மாறிக்கொண்டிருந்தான். நீர் இறைக்கும் மிசினின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. உதயகலா மண்கட்டி ஒன்றைக் கிளப்பி அவன் முதுகைப் பார்த்து எறிந்தாள். குறி தப்பவில்லை.

"என்னடி, விசரே?"

"மதுரா நீலம் பாய்ஞ்சு கிடக்கிறாள்!"

அதைக் கேட்டதும் அவன் மிசினைக்கூட நிறுத்தாமல் ஓடி வந்தான். தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு கலட்டி ஒழுங்கை என்ற அந்தச் சந்து வரை ஓடியது. ஒழுங்கை முகப்பில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஷெரோன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். துணியை எறிந்துவிட்டு ஏறினான்.

"புரையேறியிருக்கும் அக்கா. முதுகிலை தட்டுங்கோ."

"தட்டியாச்சு. நீ ஓட்டு."

அவன் ஓட்டினான். இணுவில் சந்தியில் பஸ் ஒன்று வழி மறித்தபோது உதயகலா வெளியே தலையை நீட்டி ஏசியதை அந்தச் சாரதி இந்தப் பிறவியில் மறக்கமாட்டான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் தயாளினி என்ற இளம் டொக்டர். பிள்ளைக்கு ஒட்சிசன் பிடித்தார்கள். நிறம் மாறவில்லை. டொக்டர் ஒரு துளி இரத்தம் எடுத்து வெள்ளைக் கடதாசியில் விட்டார். அது கித்துள் பாணியின் கரும்பழுப்பு நிறத்தில் இருந்தது. அவர் கடதாசியை விசிறி போல ஆட்டினார்.

"காத்துப் பட்டா இரத்தம் சிவக்கவேணும். இது சிவக்கேல்லை" என்றார் தாதியிடம். "நீல மருந்தை எடுங்கோ. கெதியா."

ஊசிக்குள் ஏறியது எழுதும் மையை விடக் கடும் நீலம். குகதாசன் பாய்ந்து டொக்டரின் கையைப் பிடிக்கப் போனான்.

"நீலமாக் கிடக்கிற பிள்ளைக்கு நீலத்தையோ ஏத்துறியள்?"

"ஓம் ஐயா. அங்காலை நிண்டு பாத்துக்கொண்டிருங்கோ."

அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை மணித்தியாலம். உதடு ஊதாவிலிருந்து சாம்பலுக்கு வந்தது. சாம்பலிலிருந்து மெல்லிய ரோஸ். பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து, வாயைக் கோணி, வாட்டு அதிரக் கத்தியது. உதயகலா அந்தக் கத்தலை முழுவதும் கேட்டாள். சீமெந்துத் தரையில் அப்படியே குந்தினாள்.

டொக்டர் கதிரை ஒன்றை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்ன பால் குடுக்கிறியள்?"

"ரெண்டு மாசத்துக்கும் மேலை தாய்ப்பால்தான், டொக்டர். வெங்காய நடுகை துவங்கினாப் பிறகு பால்மா. இப்ப மூண்டு கிழமை."

"தண்ணி?"

உதயகலா நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் இருந்தது. "எங்கடை கிணத்துத் தண்ணி. கலட்டி ஒழுங்கை முழுக்க வந்து அள்ளுற நல்ல தண்ணிக் கிணறு. அதையும் பச்சையாக் குடுக்கிறேல்லை. காய்ச்சித்தான்."

"எவ்வளவு நேரம் காய்ச்சுவீங்கள்?"

"பாதியா வத்தும் மட்டும். கைக்குழந்தையெல்லே."

டொக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

குடாநாட்டில் தண்ணீர் இரண்டே இரண்டு வகை. நாக்கில் வைத்தால் கரிக்காதது நல்ல தண்ணி. கரித்தால் உவர். நாக்கு சொல்வதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கலட்டி ஒழுங்கைக் கிணற்றுக்கு நாக்கு எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோயில் கொடியேற்றத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டால் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பொம்பிளை பார்க்க வருகிறவர்கள்கூடத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தண்ணி நல்லாயிருக்கு என்பார்கள்.

"உரம் எதிலை செய்யிறதெண்டு தெரியுமோ?" என்று கேட்டார் டொக்டர், குகதாசனைப் பார்த்து. "காத்திலை."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"சிரிக்காதேங்கோ. நாங்கள் இழுக்கிற காத்திலை அஞ்சிலை நாலு பங்கு நைதரசன். பெரிய பக்டரியளிலை அதைப் பிடிச்சு, சூடேத்தி, நெருக்கி அமோனியாவாக்கி, அதிலை இருந்து யூரியா செய்து பையிலை கட்டி அனுப்புறாங்கள். நீங்கள் பாத்தியிலை எறியிறியள். எத்தினை அந்தர் போடுவியள்?"

"மற்றவன் ஒண்டு போட்டா... நான் ரெண்டு போடுவன்."

"வெங்காயம் பாதியைத்தான் எடுக்கும். மிச்சம் நைத்திரேற்றா மாறி, இறைக்கிற தண்ணியோடை கீழை போகும். எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு. அரிதட்டு மாதிரி. நேரா கிணத்துக்கை. அதுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை." இப்போது அவர் உதயகலாவைப் பார்த்தார். "காய்ச்சினாக் கிருமி சாகும். இது சாகாது. தண்ணி ஆவியாப் போகும், இது சட்டியிலை நிக்கும். பாதியா வத்தினா ரெண்டு மடங்கு. நீங்கள் கவனம் எடுக்க எடுக்க..."

அவர் திரும்பிப் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார்.

"பெரிய ஆக்கள் குடிச்சா உடனை ஒண்டும் தெரியாது. கைக்குழந்தைக்கு இரத்தத்தைப் பழுதாக்கும். சுத்திவரக் காத்துக் கிடக்கும், பிள்ளையும் இழுக்கும், இரத்தம் ஏந்தாது. காத்துக்கை கிடந்தே மூச்சுத் திணறும்." அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "கிணத்திலை சிவப்பு அடையாளம் போடேல்லையோ உங்களுக்கு?"

"என்ன அடையாளம்?"

"ரெண்டு வருசத்துக்கு முந்திக் கம்பஸ் பிள்ளையள் போத்திலோடை வந்து தண்ணி எடுத்தவையெல்லே. அந்த வேலையிலை என்ரை சிநேகிதியும் இருந்தவ. கலட்டி ஒழுங்கைக் கிணத்துக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சு, கைக்குழந்தையளுக்குக் குடுக்கவேண்டாம் எண்டு எழுதச் சொல்லி, உங்கடை கமக்காரச் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பினவை."

உதயகலா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். குகதாசன் வாட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

*

மூன்றாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். பிள்ளையை அந்தக் கிணற்றடிக்குக் கொண்டுபோக உதயகலாவுக்கு மனமில்லை. கொழும்புத்துறையில் இருக்கும் அக்கா வினோஜாவிடம் விட்டுவிட்டு, ஷெரோனின் ஓட்டோவில் தனியாகக் கலட்டி ஒழுங்கைக்குத் திரும்பினாள். அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அது நாலாவது வீட்டில் இருந்தது.

நாலாவது வீட்டுத் தர்சினிக்கு நாற்பது நாள் பிள்ளை. பால் போதாதென்று புட்டிப்பால். இதற்கு முதல் ஒரு பொடியன் பிறந்து, பத்தாம் கிழமை நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயத்தில் ஓட்டை என்றது ஊர். யாரும் இரத்தத்தை எடுத்துக் கடதாசியில் விட்டுப் பார்க்கவில்லை.

தர்சினி கிணற்றடியில் நின்றாள். தோளில் பிள்ளை, காலடியில் குடம்.

"உதயாக்கா! மதுரா எப்பிடி? நான் நேந்து வைச்சிருக்கிறன்..."

"தர்சினி, உந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதை."

"ஏன்?"

உதயகலா சொன்னாள். டொக்டர் சொன்ன ஒழுங்கில் சொல்ல வரவில்லை. உரம், காத்து, கல்லு, சட்டி எல்லாம் தலைகீழாக வந்தன. ஆனால் "நீலம்" என்ற சொல் வந்ததும் தர்சினியின் முகம் மாறிவிட்டது.

"நிப்பாட்டுங்கோ அக்கா."

"நான் சொல்லுறதைக் கேள்..."

"என்ரை பொடியனுக்கு இதயத்திலை ஓட்டை."

"ஆர் பாத்தது? எந்த டொக்டர் சொன்னது?"

"அப்ப நான்தான் புட்டியிலை நஞ்சைக் கரைச்சுக் குடுத்தனான் எண்டு சொல்ல வாறியளோ?" தர்சினி குடத்தைக் காலால் தள்ளினாள். அது உருண்டு கப்பித் தூணில் மோதியது. "உங்கடை பிள்ளை தப்பிட்டுது. சந்தோசம். அதுக்காக என்னைக் கொலைகாரியாக்க வேண்டாம். நானும் வடிவாக் காய்ச்சித்தான் குடுத்தனான். இப்பவும் காய்ச்சித்தான் குடுப்பன்."

"காய்ச்சினாத்தான்டி..."

"போங்கோ அக்கா. கையெடுத்துக் கும்பிடுறன், போங்கோ."

அவள் குடத்தை நிமிர்த்தி, உதயகலாவின் கண் முன்னாலேயே வாளியை இறக்கி, நிறைய அள்ளிக்கொண்டு போனாள். படலை அடித்துச் சாத்தப்பட்டது.

உதயகலாவுக்கு அவளில் கோபம் வரவில்லை. அந்த உண்மையை நம்பினால் தர்சினி எப்படி நாளைக்கு விடியப் பிள்ளைக்குப் பால் கரைப்பாள்? கோபம் முழுவதும் வேறொரு வீட்டுக்குச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

*

ஊர் விவசாயிகளின் கமக்காரச் சங்கச் செயலாளர் பஞ்சலிங்கம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து பேப்பர் பார்த்தார். பக்கத்தில் ஸ்ரூலில் ஒரு போத்தல் தண்ணீர். கடையில் வாங்கியது, மூடியில் நீல வளையம்.

"வா பிள்ளை. குழந்தைப்பிள்ளை எப்பிடி? கேள்விப்பட்டு எனக்குச் சோறு இறங்கேல்லை."

"தண்ணி இறங்குதாக்கும், பஞ்சண்ணை." அவள் போத்தலைப் பார்த்தாள். "எப்ப இருந்து போத்தல் தண்ணி?"

"அது... டொக்டர் சொன்னவர். பிறசருக்கு."

"கடிதம் எங்கை?"

"எந்தக் கடிதம்?"

"சிவப்புப் பெயின்ற் அடிக்கச் சொன்ன கடிதம்."

பஞ்சலிங்கம் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். பிறகு ஆத்திரப்பட்டால்தான் தப்பலாம் என்று தீர்மானித்தவர்போல எழும்பினார்.

"இஞ்சை பார் பிள்ளை, நாலு பொடிபெட்டையள் படிக்கிறம் எண்டு போத்திலோடை வருவினம். ஏதோ எழுதுவினம். அதுக்காகக் கிணத்துக்குச் சிவப்படிச்சா? எங்கடை வெங்காயத்தை ஆர் வாங்குவினம்? கோயில் பந்தலுக்கு என்ன பதில்? ஒழுங்கையிலை எத்தினை குமர் கிடக்கு? பழுதான தண்ணி குடிச்ச இடம் எண்டு பேர் வந்தா ஆர் பொம்பிளை எடுப்பினம்? யோசிச்சனியோ?"

"கைக்குழந்தையளுக்குக் குடுக்கவேண்டாம் எண்டு எழுதியிருந்ததோ, இல்லையோ?"

"நான் தனிச்ச முடிவெடுத்த மாதிரிக் கதைக்காதை!"

அவர் உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம். தடித்த மட்டை போட்ட கூட்டக் கொப்பியோடு வந்து, பக்கத்தை விரித்து, அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"பார்! கூட்டம் போட்டு வாசிச்சது. எல்லாற்றை சம்மதத்தோடைதான். 'மேற்படி விடயத்தைப் பரப்பி ஊரவரைக் கலவரப்படுத்தத் தேவையில்லை.' பதினொரு கையெழுத்து. வடிவாப் பார்."

உதயகலா பார்த்தாள். திகதி, இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி. பெயர்கள் ஒவ்வொன்றாக. எல்லாம் தெரிந்த பெயர்கள், கல்யாணவீடு செத்தவீடு என்றால் முன்னுக்கு நிற்கும் பெயர்கள். கடைசிக் கையெழுத்து அவசரத்தில் சரிந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோணல் 'கு'வை அவளுக்குத் தெரியும். அவர்களின் விவாகப் பதிவிலும் அது அப்படித்தான் கிடந்தது.

"உன்ரை மனுசன்" என்றார் பஞ்சலிங்கம், அவள் வாசிக்கத் தெரியாதவள்போல. "இப்ப போய் அவரிட்டைக் கேள்."

*

குகதாசன் குசினி வாசலில் இருந்து பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"கையெழுத்து வைச்சனீங்களோ?"

எந்தக் கையெழுத்து என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் அவள் பிறகு அவனைக் கொஞ்சம் மதித்தாள்.

"வைச்சனான்."

"வாசிச்சனீங்களோ?"

"பஞ்சண்ணைதான் வாசிச்சவர். நைத்திரேற்று, மில்லிகிராம் எண்டு என்னவோ. ஆருக்கு விளங்கினது? எல்லாரும் வைச்சினம். நானும் வைச்சன். மிளகாய்க்குத் தண்ணி கட்ட நேரம் போட்டுது எண்டு எழும்பி வந்திட்டன்."

"கைக்குழந்தை எண்ட சொல்லும் விளங்கேல்லையோ?"

"அப்ப எங்களுக்குப் பிள்ளை இல்லையெல்லே, உதயா."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பறித்து முற்றத்தில் வீசினாள். கோப்பை வேலியில் பட்டு உடைந்தது.

"தர்சினிக்கு இருந்துது! வயித்திலை எட்டு மாசம்! உங்கடை கண்ணுக்கு முன்னாலை அந்த வயித்தைத் தூக்கிக்கொண்டு அவள் தண்ணி அள்ளினவள்!"

"நான் நினைக்கேல்லை..."

"என்னைத் தோட்டத்துக்கு வா, பால்மாவைக் குடு எண்டு சொல்லேக்கை? அப்பவும் நினைக்கேல்லையோ?"

"மறந்திட்டன். சத்தியமா மறந்துபோனன்." அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்தினான். "நல்ல தண்ணிதானே எண்டு..."

பொத்திய கைக்குள்ளிருந்து வந்த அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. பிள்ளையின் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். அவன் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் இன்னொரு மண்கட்டி எடுத்திருப்பாள்.

*

கொழும்புத்துறையில் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்து நின்றது. சனம் கான்களோடு வரிசையில் நின்றது.

"கிணறு இருக்கேக்கை ஏன் அக்கா பவுசருக்கு நிக்கிறியள்?"

"எங்கடை கிணத்தை வாயிலை வைச்சுப் பாத்தனியோ?" வினோஜா சிரித்தாள். "சோத்துக்கு உப்புப் போடத் தேவையில்லை. தலை முழுகினா மயிர் தும்புக்கட்டை மாதிரி நிக்கும். நாய்கூடக் குடியாது. நீங்கள் குடுத்து வைச்ச ஆக்கள். உங்கை நல்ல தண்ணி."

நாய்கூடக் குடியாது.

உதயகலா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை போத்தல் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்துவிட்டு, ரோஸ் உதட்டோடு தூங்கியது. பக்கத்து வளவில் கருவாடு போடும் கொட்டில். வாசலில் உப்பு மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

படித்த டொக்டர் சொல்லி நம்பாத சனம். கடிதத்தை நம்பாத சனம். நாக்கை நம்பும்.

அடுத்த நாள் ஞாயிறு. மத்தியானம் ஷெரோன், உதயகலா அந்தக் கொட்டிலில் வாங்கிய இரண்டு உப்பு மூட்டையையும் ஓட்டோவின் பின் சீற்றில் ஏற்றினான். இரண்டு அந்தர், நூறு கிலோ. ஓட்டோவின் முன்சில்லு நிலத்தில் பட்டும் படாமலும் ஓடியது.

"என்னக்கா, கிணத்துக்கை கருவாடு போடப் போறியளோ?"

"ஓம். பதினொரு பெரிய மீன் கிடக்கு."

"அந்த மீனிலை குகதாசன் அண்ணையுமோ?"

"உன்ரை வேலையைப் பாரடா."

ஒழுங்கை இறைச்சிக்கறிச் சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தது. வெயில் மட்டும் விழித்திருந்தது. கோடைக்குக் கிணற்றில் தண்ணீர் ஆறடிக்கு வற்றியிருந்தது. முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக் கிணற்றுக் கட்டின் மேல் சாய்த்தார்கள். உப்பு மழைபோல இரைந்துகொண்டு விழுந்தது. இரண்டாவதும். பிறகு உதயகலா மிசினை இயக்கி, குழாயின் வாயைத் திருப்பிக் கிணற்றுக்குள்ளேயே விட்டாள். ஒரு மணித்தியாலம் கிணறு தன்னைத் தானே இறைத்துக் கலக்கியது. ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்துக்கு இறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்கை திரும்பிப் படுத்தது.

அவள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள். கட்டின் மேல் ஏறி இருந்தாள். காத்திருந்தாள்.

*

நாலு மணிக்கு முதல் வாளி இறங்கியது. நாலு ஐந்துக்கு முதல் கூக்குரல்.

"ஐயோ, உவர்! கிணறு உவராப் போச்சுது!"

குடங்களோடு சனம் ஓடி வந்தது. ஆளாளுக்கு நாக்கில் வைத்தார்கள், துப்பினார்கள், மறுபடி வைத்தார்கள். கடல் ஏறிவிட்டது என்றான் ஒருவன். குழாய்க்கிணறு அடித்தவனால் வந்தது என்றான் மற்றவன். பஞ்சலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, சிரட்டையில் வாங்கி ருசி பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"ஒருத்தரும் பதறாதேங்கோ. கூட்டம் போட்டுக் கதைப்பம்."

"தேவையில்லை" என்றாள் உதயகலா கிணற்றுக் கட்டின் மேல் இருந்தபடியே. "கடல் வரேல்லை. நான்தான் போட்டனான். ரெண்டு அந்தர் உப்பு."

துப்பிக்கொண்டிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரேயடியாக ஏசத் தொடங்கினார்கள். விசரி. குடும்பத்தைக் கெடுத்தவள். ஊரைக் கெடுத்தவள்.

"உனக்கு என்ன உரிமையடி?" பஞ்சலிங்கத்தின் குரல் கீச்சிட்டது.

"என்ரை சீதன உறுதியை எடுத்து வாசியுங்கோ. இந்தக் கிணத்திலை நாலிலொரு பங்கு எனக்கு."

"அப்ப உன்ரை பங்கிலை போடு! எல்லாற்றை பங்கிலையும் ஏன் போட்டனி?"

"நீங்கள் யூரியாவை உங்கடை பங்கிலை மட்டுமோ போட்டனீங்கள்?"

யாரோ பின்னால் சிரித்துவிட்டு இருமி மறைத்தார்கள். பஞ்சலிங்கம் போனை எடுத்தார்.

"பொலிசுக்கு அடிக்கிறன். உன்னைக் கூட்டிலை ஏத்தாமல் விடமாட்டன்."

"அடியுங்கோ பஞ்சண்ணை. வரட்டும். கிணத்திலை ஒருத்தி என்னவோ கலந்திட்டாள் எண்டா முதல் வேலையா என்ன செய்வினம்? தண்ணியைப் போத்திலிலை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, உள்ளுக்கை என்னென்ன கிடக்கெண்டு பாப்பினம். உப்பு மட்டுமோ காட்டும்? எல்லாம் காட்டும். அதைக் கோட்டிலை வைச்சு எல்லாருக்கும் கேக்க வாசிப்பினம். அடியுங்கோ. நம்பர் தெரியாட்டி நான் சொல்லுறன்."

பஞ்சலிங்கத்தின் பெருவிரல் போனின் மேல் நின்றது. நின்றபடியே நின்றது. பிறகு அவர் போனை மடியில் செருகினார்.

எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எல்லோரையும் விடக் கூர்ந்து பார்த்தவள் சனத்தின் விளிம்பில் நின்ற தர்சினி. தோளில் பிள்ளை, கையில் வெறும் குடம். அவள் மெதுவாக முன்னால் வந்தாள்.

"ஏன் அடிக்கேல்லை, பஞ்சண்ணை?"

"அது வந்து பிள்ளை, ஊர் மானம்..."

"உதயாக்கா சொன்ன கடிதம் உண்மையிலேயே வந்ததோ?"

பஞ்சலிங்கம் வேட்டியைச் சரிசெய்தார்.

"வந்ததெண்டா, எப்ப வந்தது?"

பஞ்சலிங்கம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் நிலத்தைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் தன் மனைவி தன்னைப் பார்ப்பதைக் கண்டு சிரட்டையைக் கீழே வைத்தார்.

"மாசி மாசம்."

சொன்னது குகதாசன். தோட்டத்துப் பக்கமிருந்து வந்து கப்பித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உன்ரை பொடியன் பிறக்கிறதுக்கு முந்தின மாசி, தர்சினி. அவன் ஆனியிலை செத்தவன். எங்களுக்குத் தெரியும். நாங்கள் பதினொரு பேர் கையெழுத்து வைச்சனாங்கள். நானும் வைச்சனான்."

தர்சினி அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அழுதால் பெண்களில் யாராவது கட்டிப்பிடிப்பார்கள். ஆண்கள் செருமிக்கொண்டு கலைந்து போகலாம். ஒழுங்கை அதற்குத் தயாராகவும் இருந்தது.

அவள் அழவில்லை. பிள்ளையை உதயகலாவின் கையில் கொடுத்தாள். குடத்தை வைத்தாள். கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினாள். கப்பி கிறீச்சிட்டது. நிறைய அள்ளி, இழுத்து, கட்டின் மேல் வைத்தாள். கிணற்றடியில் கிடந்த செம்பை அதற்குள் அமிழ்த்தி, வழிய வழிய எடுத்துப் பஞ்சலிங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடியுங்கோ."

"விசர் வேலை பாக்காதை பிள்ளை..."

"உப்புத்தானே. சாகமாட்டியள். என்ரை பொடியன் குடிச்சது இதிலும் மோசம். குடியுங்கோ."

அவர் பின்னால் ஓர் அடி வைத்தார். பின்னால் சனம் நின்றது. யாரும் வழி விடவில்லை.

"அவருக்கு முதல் எனக்குத் தா" என்றான் குகதாசன்.

தர்சினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தான். பாதியில் குமட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் மூக்கால் வழிந்தது. கண் சிவந்தது. செம்பை இறக்கவில்லை. உதயகலா தர்சினியின் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றாள். காணும் என்று அவள் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்த்துத் திரும்பவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வேலியோரம் போய்க் குந்தி ஓங்காளித்தான்.

தர்சினி செம்பை மறுபடி வாளிக்குள் அமிழ்த்தினாள்.

"அடுத்தது ஆர்?"